சேஃபா ஒண்ணு போட்டு வைடா

ஜூலையில் சென்னையின் எந்த பிரவுசிங் சென்டருக்குள் போனாலும் இந்த வாக்கியம் காதில் விழும். பி.இ. கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய காலேஜ்களை வரிசையாக ஆன்லைனில் பதிவது, ஒரு ரவுண்டுக்குத் திறந்திருப்பது சில நாள்தான். கம்ப்யூட்டர் முன்னால் பையன், அவன் தோளுக்குப் பின்னால் அப்பா, அவர் கையில் நாலாக மடித்த வெள்ளைத்தாள். அதில் காலேஜ் கோடு நம்பர்கள் பென்சிலில் எழுதி, அடித்து, திரும்ப எழுதப்பட்டிருக்கும். பையன் தனக்குப் பிடித்த காலேஜை முதல் வரியில் ஏற்றப் போவான். "அதெல்லாம் நமக்கு எங்க கெடைக்கப் போவுது? மொதல்ல சேஃபா ஒண்ணு போட்டு வைடா" என்பார் அப்பா. பையன் கொஞ்சம் தயங்குவான், அப்புறம் அவர் சொன்ன நம்பரையே அடிப்பான்.

அப்பா சொல்வது பொறுப்பான பேச்சாகத்தான் தெரியும். கணக்குப்படி அது தப்பு. ஒதுக்கீடு நடக்கும் விதம் மிக எளிது: ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே படித்து, அவருக்கு உரிய பிரிவில் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். 40-வது வரியில் இருக்கும் காலேஜ் உங்களுக்குக் கிடைக்குமா என்பதை உங்கள் ரேங்க்தான் தீர்மானிக்கிறது, நீங்கள் அதை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது அல்ல. உங்களுக்குப் பின்னால் ரேங்க் உள்ளவர் அதையே முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும் உங்களைத் தாண்டி எடுத்துக்கொள்ள முடியாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு இல்லை. ஆகவே மேலே எத்தனை 'கிடைக்காத' காலேஜைப் போட்டாலும் கீழே உள்ளது பத்திரமாகவே இருக்கும். சேஃபானதை முதலில் போட்டால்தான் ஆபத்து. அது கிடைத்த மாத்திரத்தில் உங்கள் பட்டியலைப் படிப்பது அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது வரியில் நீங்கள் ஆசைப்பட்ட காலேஜில் இடம் காலியாகவே இருந்தாலும் அது உங்களைத் தேடி வராது.

இது என்னை விடாமல் நோண்டிக்கொண்டே இருக்கும் விஷயம். தோற்றால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. இரண்டாவது சாய்ஸ் கிடைத்ததா இருபதாவதா என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியவும் போவதில்லை. அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு பிள்ளை தனக்குப் பிடித்ததைப் போடப் பயப்படுகிறது என்றால், நிஜமாகவே விலை கொடுக்க வேண்டிய முடிவுகளில் அந்தப் பயம் என்னென்ன செய்யும்?

முதலில் பட்டியல் விஷயத்தையே முடித்துவிடுகிறேன், யாருக்காவது உதவும். கடந்த ஆண்டு கட்-ஆஃபைப் பார்த்துக் காலேஜைக் கழிப்பதுதான் எல்லோரும் செய்வது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு வரும் அந்த எண், வினாத்தாள் எளிதாக இருந்த வருஷம் எல்லோருக்கும் சேர்ந்து ஏறும், கஷ்டமான வருஷம் இறங்கும். போன வருஷத்து 185-ஐ இந்த வருஷத்து 185-ஓடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ரேங்கைப் பாருங்கள், அதிலும் உங்கள் சமுதாயப் பிரிவு ரேங்கை. அந்தக் கோர்ஸில் கடைசி இடம் போன வருஷம் எந்த ரேங்கில் முடிந்தது என்பது கட்-ஆஃபைவிட நம்பகமான கணக்கு. பிறகு இரண்டு தாள் எடுங்கள். முதல் தாளில் எந்த எண்ணையும் பார்க்காமல் பிள்ளை தனக்குப் பிடித்த வரிசையில் எழுதட்டும். இரண்டாவது தாளில் ரேங்க் விவரத்தைப் பார்த்து, அடியில் கண்டிப்பாகக் கிடைக்கும் காலேஜ்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்ப்பது கீழேதான், வரிசையை மாற்றக் கூடாது. தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் 'ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்' என்பதோடு 'ஏற்றுக்கொள்கிறேன், மேலே காலியானால் அதற்குப் போகிறேன்' என்ற வாய்ப்பும் இருக்கிறது. கையில் வந்த இடம் போய்விடுமோ என்று அதைத் தொடாமல் விடுபவர்கள் நிறைய. ஏற்றுக்கொண்ட இடம் போகாது, மேலே கிடைத்தால்தான் மாறும். உறுதிசெய்யும் அவகாசம் மிகக் குறைவு என்பதால் அந்தந்த வருஷத்து விதிகளை முன்கூட்டியே ஒருமுறை முழுசாகப் படித்துவிடுவது நல்லது.

பதினொன்றாம் வகுப்பின் ஜூன்

விலை உள்ள முதல் முடிவு குரூப் எடுப்பது. பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சூட்டோடு அது நடந்துவிடுகிறது. 'கணக்கு வராது' என்று கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் பக்கம் போனால் பி.ஆர்க்., பி.எஸ்ஸி. கணிதம், புள்ளியியல், ஏறக்குறைய மொத்த பி.இ. என்று ஒரு வரிசையே கதவடைத்துக்கொள்ளும். உயிரியல் பிடித்துப் போகிறவர்களுக்கு இது நஷ்டமே இல்லை. விவசாயம், மீன்வளம், நர்சிங் என்று நல்ல வழிகள் உண்டு. கணக்குக்குப் பயந்து போகிறவர்களுக்குத்தான் நஷ்டம்.

அந்தப் பயத்தை எண்ணில் வைத்துப் பாருங்கள். பிளஸ் டூ கணக்கில் எழுத்துத் தேர்வு 90, இன்டர்னல் 10. எழுத்தில் குறைந்தது 25, மொத்தத்தில் 35 இருந்தால் பாஸ். இன்டர்னல் முழுசாக வந்துவிட்டால் 90-க்கு 25 எடுத்தால் போதும். பத்தாம் வகுப்பில் 70 வாங்கிய பிள்ளை 25-க்குக் கீழே போய்விடுவோம் என்றா பயப்படுகிறது? நம் வீடுகளில் 'ஃபெயில்' என்றால் 35-க்குக் கீழே என்று அர்த்தமில்லை. பெரியம்மா பெண் வாங்கிய 92-க்குக் கீழே என்று அர்த்தம். அந்தக் கோட்டை யார் போட்டார்கள் என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பள்ளிக்கும் இதே பயம் உண்டு. மெயின் கேட்டில் '100% தேர்ச்சி' என்று ஃபிளெக்ஸ் வைக்க வேண்டிய நிர்வாகம், கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குக் கணக்கு உள்ள ஃபர்ஸ்ட் குரூப் கொடுக்கத் தயங்கும். "அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம் சார்" என்று ஆபீஸ் ரூமில் மென்மையாகச் சொல்வார்கள். மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-ல் அரசு நிறுத்தியது. ஃபிளெக்ஸ் நின்றபாடில்லை.

குரூப் எடுக்கும் முன்னால் சோதித்துப் பார்க்கலாம், செலவே இல்லை. பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் பாடநூல் கழகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. கணங்களும் சார்புகளும், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் என்று முதல் மூன்று அத்தியாயங்கள். கோடை விடுமுறையில் தினம் இரண்டு மணி நேரம், மூன்று வாரம். எத்தனை கணக்கு சரி என்பது முக்கியமில்லை. தப்பான கணக்குகளில் எந்தப் படியில் கை நின்றது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளை மாட்டிக்கொள்வது புதிய பாடத்தில் இருக்காது. பின்னங்களைக் கூட்டுவது, காரணிப்படுத்துவது, அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள மைனஸை உள்ளே கொண்டுபோவது என்று எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் விட்டுப்போன பாக்கியாக இருக்கும். அந்தப் பாக்கியை ஒரு மாதத்தில் அடைத்துவிடலாம். முக்கோணவியல் சூத்திரம் ஏன் அப்படி வருகிறது என்றே பிடிபடவில்லை, சொல்லிக்கொடுத்த பின்னும் பிடிபடவில்லை, பிடிக்கவும் இல்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது கணக்கை விடுவது பயத்தால் எடுத்த முடிவாக இருக்காது, தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். பள்ளி திறந்த முதல் சில வாரங்களுக்குள் குரூப் மாற்றப் பல பள்ளிகள் விடுகின்றன. அதற்கு மேல் இழுத்தால் புதுப் பாடத்தில் விட்டதைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

மிகக் கிட்டே, அல்லது மிகத் தூரத்தில்

பயந்தவன் எளிதானதைத்தான் எடுப்பான் என்று நாம் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. அமெரிக்க உளவியலாளர் ஜான் அட்கின்சன் 1950-களிலேயே இதைக் கோட்பாடாக எழுதினார். 1960-ல் லிட்வின் என்பவரோடு சேர்ந்து வளையம் எறியும் விளையாட்டை வைத்துச் சோதித்தார். குச்சியில் வளையத்தை மாட்ட வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது என்பது அவரவர் இஷ்டம். ஜெயிக்கும் ஆசை மிகுந்து, தேர்வுப் பயம் குறைந்தவர்கள் நடுத் தூரத்தை அதிகம் தேர்ந்தார்கள். முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்கிற தூரம் அது. பயம் மிகுந்தவர்களிடம் நடுத் தூரத்தின் மேல் அந்த அளவு நாட்டம் இல்லை. அதே 1960-ல் மஹோன் என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களின் தொழில் விருப்பங்களைப் பார்த்தார். தோல்விப் பயம் மிகுந்தவர்கள் தங்கள் திறனுக்குப் பொருந்தாத வேலைகளைச் சொல்லும் போக்கு அவருக்குத் தெரிந்தது.

காரணம் யோசித்தால் விளங்கும். கிட்டே நின்று எறிந்தால் தோற்க மாட்டோம். ரொம்பத் தூரத்தில் நின்று எறிந்தால் தோற்போம், ஆனால் யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள். நடுவில் நின்று தவறவிட்டால்தான் 'இவனால் முடியவில்லை' என்ற பேச்சு வரும்.

சிவில் சர்வீஸ் கோச்சிங் சென்டர்கள் நிறைந்த அண்ணா நகர் இரண்டாவது அவென்யூ பக்கம் ஒரு காலையில் நடந்து பாருங்கள். டீக்கடை வாசலில் ஜெராக்ஸ் கட்டோடு நிற்பவர்களில் சிலருக்கு சிவில் சர்வீஸ் உயிர்மூச்சு. அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இன்னும் சிலருக்கு அது வேலைத் தேடலில் தோற்பதிலிருந்து கிடைத்த கௌரவமான தஞ்சம். 2023-ம் ஆண்டுத் தேர்வில் நாடு முழுக்கப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1016 பேர். அவ்வளவு கடினமான தேர்வில் கிடைக்காமல் போனால் 'அது கஷ்டம்பா' என்று உறவினர்களே ஆறுதல் சொல்வார்கள். முதல் கம்பெனி இன்டர்வியூவில் தோற்றால் யார் அப்படிச் சொல்கிறார்கள்? ஓ.பி.சி. பிரிவினர் 35 வயது வரை 9 முறை எழுதலாம். அதாவது தீர்ப்பைப் பல வருஷம் தள்ளிப்போடலாம். நீட்டில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு எல்லையே கிடையாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டே முறை. முன்பெல்லாம் அது கொடுமையான விதியாகத் தோன்றும், இப்போது ஒருவகையில் கருணை என்றே நினைக்கிறேன். மூன்றாவது வருஷம் அந்தப் பிள்ளை வேறு ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு மூலையில் கிட்டே நிற்பவர்கள். வரைவதில் கை தேர்ந்த பெண், எழும்பூர் கவின்கலைக் கல்லூரி நுழைவுக்கான வரைதல் தேர்வுக்குப் போகாமல் பக்கத்துத் தெருக் காலேஜில் பி.காம். சேர்கிறாள். பி.காம்.மில் ஒரு குறையும் இல்லை. அவளை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லாத இடம் அது ஒன்றுதான், அதனால் சேர்கிறாள்.

தீர்ப்பு என்றைக்கு வரும்

எந்தப் படிப்பானாலும் வீட்டில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: எவ்வளவு செலவாகும், வேலை கிடைக்குமா. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். இது நமக்குச் சரிப்படாது என்றால் அது எத்தனை மாதத்தில் தெரியும்? கவின்கலைக் கல்லூரி வரைதல் தேர்வின் முடிவு சேர்க்கையோடு தெரிந்துவிடும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸில் நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதோடு ஓரளவு தெரிந்துவிடும். பிளஸ் டூவில் எந்த குரூப் என்று அங்கே பார்ப்பதில்லை. நடுவில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்குரிய சான்றிதழ் உண்டு. சி.ஏ.வில் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம். இப்போது வருஷத்துக்கு மூன்று முறை நடக்கிறது. பிளஸ் டூ முடித்த ஒரு வருஷத்துக்குள் அந்த வழி நமக்கா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பி.காம்.மும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும்.

பி.இ.யில் இந்தத் தீர்ப்பு நான்கு வருஷம் கழித்து வருகிறது. நம் ஊரில் பி.இ. இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குச் சம்பளம் ஒரு காரணம், இந்த அவகாசம் இன்னொரு காரணம் என்பது என் கணிப்பு. நான்கு வருஷம் யாரும் "என்ன பண்றே?" என்று கேட்க மாட்டார்கள், "எந்த இயர்?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் உள்ளே அரியர் சேர்ந்துகொண்டே போகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. செமஸ்டர் தேர்வில் 45 சதவீதம், சேர்த்துப் பார்த்தால் 50 வேண்டும். இன்டர்னல் நன்றாக இருக்கிறது என்று செமஸ்டரைக் கோட்டைவிடுபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகள் பல 'பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது' என்று வடிகட்டும்போது, முதல் செமஸ்டரிலேயே தெரிந்த விஷயம் ஏழாவது செமஸ்டரில் செய்தியாக வீட்டுக்கு வருகிறது. சீக்கிரம் தெரியும் தோல்விக்குச் சில ஆயிரம் ரூபாயும் சில மாதமும் விலை. தாமதமாகத் தெரியும் தோல்விக்கு கல்விக்கடன். பயம் எப்போதும் தாமதமானதையே தேர்கிறது, ஏனென்றால் இன்றைக்கு அது அமைதியாக இருக்கிறது.

தோற்க வசதி வேண்டும்

இதையெல்லாம் படித்துவிட்டு 'துணிஞ்சு எறங்கு' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெசன்ட் நகரில் சொந்த வீடு உள்ள குடும்பத்தின் பிள்ளை ஒரு வருஷம் சும்மா இருந்து யோசிக்கலாம். வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வருஷம் கிடையாது. அந்தப் பிள்ளையின் பயத்தில் பாதி வெறும் கணக்கு. அதைக் கோழைத்தனம் என்பது அநியாயம். அந்தப் பயத்தைக் குறைக்கப் பேச்சு உதவாது, தோல்வியின் விலையைக் குறைத்தால் குறையும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பி.இ. சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. தொகை சின்னதுதான். ஆனால் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டாம் என்றால், பிடித்த கோர்ஸைக் கேட்கும் தைரியம் கொஞ்சம் வரும். பாலிடெக்னிக்கும் இதே வகைதான். தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். நடுவில் நின்றாலும் கையில் டிப்ளமோ இருக்கும். இந்த வழியை நம் வீடுகளில் இன்னும் 'மார்க் இல்லாதவன் போற இடம்' என்றுதான் சொல்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கூட்டல் உண்டு. அண்ணன் இரண்டாவது முறை நீட் எழுத வீடு சம்மதிக்கும். தங்கை ஒருமுறை தவறவிட்டால் "போதும்மா, கெடைச்சதுல சேரு" என்று பேச்சு முடிந்துவிடும், சில வீடுகளில் ஜாதகம் வெளியே வரும். ஒரே வாய்ப்பு என்று தெரிந்தவள் எட்டாத இடத்தைக் குறிவைக்க மாட்டாள். அவள் சேஃபாக எடுத்ததைப் பார்த்து 'பொண்ணுங்க ரிஸ்க் எடுக்க மாட்டாங்க' என்று பேசுபவர்கள், அண்ணனுக்குக் கொடுத்த அந்த இரண்டாவது வருஷத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நிஜமாகவே ஃபெயில் ஆனவர்கள். பிளஸ் டூ ரிசல்ட் அன்று ஒரு பாடத்தில் 35 வரவில்லை என்றால் வீடு உறைந்துவிடுகிறது. யாரும் பேசுவதில்லை, போன் எடுப்பதில்லை. அந்த மௌனத்திலேயே முக்கியமான நாட்கள் கழிந்துவிடும். செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், அது முதல் வேலை. மனசு விட்டுப் பேச வேண்டும் என்றால் அரசின் உதவி எண் 104, இல்லையென்றால் 14416, இரண்டும் எந்த நேரமும் எடுப்பார்கள். அடுத்து விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம். நகல் வாங்கியவர்கள்தான் பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும், நேரடியாக அதற்குப் போக முடியாது. நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். திருத்தாமல் விட்ட விடையோ கூட்டல் பிழையோ இருக்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அது வரும் வரை காத்திருக்காமல் துணைத்தேர்வுக்கும் கூடவே விண்ணப்பித்துவிட வேண்டும். விட்ட பாடத்தை மட்டும் எழுதினால் போதும். சில மாதங்களுக்குள் தேர்வும் ரிசல்ட்டும் வந்துவிடும், அதே வருஷம் காலேஜில் சேரலாம். துணைத்தேர்வில் பாஸானவர்களுக்காக பி.இ.க்குத் துணைக் கலந்தாய்வு தனியாக நடக்கிறது. காலியாக இருக்கும் இடங்கள்தான், ஆனால் அந்த இடங்களில் சில மோசமில்லாத காலேஜ்களும் இருக்கும். இந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் அவகாசம் சில நாள்தான் கொடுப்பார்கள். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே வீட்டில் யாராவது ஒருவர் பள்ளிக்குப் போய்க் கடைசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.